சென்னையில் பேட்டரி பாதுகாப்பு ஆராய்ச்சி: பிஹெச்டி சேர்வதற்கு முன் செய்ய வேண்டியவை

எம்.எஸ்சி. வேதியியலோ இயற்பியலோ, எம்.இ. அல்லது எம்.டெக். முடித்துவிட்டு, லித்தியம்-அயன் பேட்டரி தீப்பிடிக்காமல் இருக்க என்ன வழி என்று ஆராய வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விவரம் எல்லாம் இணையத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பத்து இடத்தில் சிதறிக் கிடக்கிறது, பாதி பழசு. சீனியர்களிடம் கேட்டால் "நெட் எக்ஸாம் எழுது, நல்ல கைடா பாரு" என்று முடித்துவிடுகிறார்கள். எந்தக் காகிதம் எந்த மாதத்தில் வேண்டும், கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும், லேபுக்குள் போனதும் எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. நான் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன்.

1. தலைப்புக்கு முன்னால் சோதனை வசதியைத் தேடுங்கள்

எல்லோரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். பேட்டரியின் கொள்ளளவைக் கூட்ட ஆராய்கிறவர் நல்ல செல் செய்தால் போதும். பாதுகாப்பை ஆராய்கிறவர் செல்லைக் கெடுத்துப் பார்த்தாக வேண்டும். சூடாக்க வேண்டும், அளவுக்கு மீறி சார்ஜ் ஏற்ற வேண்டும், ஷார்ட் செய்ய வேண்டும், ஆணி இறக்க வேண்டும். இதற்கெல்லாம் இடமும் கருவியும் அனுமதியும் இருக்கிறதா என்று பார்க்காமல் தலைப்பைப் பதிவு செய்தால், மூன்றாம் வருடத்தில் கையில் பொருள் இருக்கும், அது பாதுகாப்பானது என்று காட்ட வழி இருக்காது.

செல் எப்படிக் கெடுகிறது என்பதை வைத்தே உங்கள் பட்ஜெட்டுக்கு ஏற்ற தலைப்பைத் தேர்ந்தெடுக்கலாம். ஏறத்தாழ 80 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் கிராஃபைட் அனோடின் (செல்லின் எதிர்முனை) மேல் உள்ள பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்குகிறது. 130 டிகிரியை ஒட்டி, இரு முனைகளும் தொடாமல் பிரித்து வைக்கும் பாலிஎத்திலீன் செபரேட்டர் உருகுகிறது. பாலிபுரொப்பிலீன் என்றால் 165 வரை தாங்கும். அது போனதும் உள்ளுக்குள்ளேயே ஷார்ட். 200 டிகிரியைத் தாண்டியதும் என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) வகை கேத்தோடிலிருந்து (நேர்முனை) ஆக்சிஜன் வெளிவருகிறது. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) கேத்தோடு இந்த விஷயத்தில் சாது, அவ்வளவு எளிதில் ஆக்சிஜனை விடாது. முனைகளுக்கிடையே அயன்களைக் கடத்தும் எலக்ட்ரோலைட்டோ எளிதில் பற்றும் கரைப்பான். அதில் வழக்கமாகச் சேர்க்கும் டைமெத்தில் கார்பனேட்டின் ஃபிளாஷ் பாயின்ட் (அதன் ஆவி தீப்பற்றக்கூடிய குறைந்தபட்ச வெப்பநிலை) சுமார் 17 டிகிரிதான். சென்னையில் மார்கழி விடியற்காலைகூட அதைவிடச் சூடு.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைப் பிடிக்கிறீர்கள் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும்.

செபரேட்டரும் எலக்ட்ரோலைட்டும் கையில் காசு குறைவாக உள்ள லேபுக்கு ஏற்றவை. செபரேட்டரை வட்டமாக வெட்டி, 150 டிகிரி ஓவனில் அரை மணி நேரம் வைத்து எடுத்தாலே கதை தெரிந்துவிடும். சாதாரணப் படலம் சுருண்டு ஓரத்துக்குப் போய்விடும், செராமிக் பூசியது கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஒரு கேமரா, ஒரு ஸ்கேல், முடிந்தது. எலக்ட்ரோலைட்டில் தீத்தடுப்புச் சேர்மம் கலந்து, ஒரு கிராமுக்கு எத்தனை விநாடி எரிகிறது என்று அளப்பதும் பெரிய செலவில்லை. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. டிரைமெத்தில் பாஸ்பேட் போன்ற தீத்தடுப்பிகளை எரியாத அளவுக்கு ஊற்றினால் கிராஃபைட் அனோடு கெட்டுப்போகும். எரியவும் கூடாது, ஓடவும் வேண்டும் என்ற இழுபறியில்தான் உங்கள் தீசிஸே இருக்கும்.

திட எலக்ட்ரோலைட் பார்க்கக் கவர்ச்சியானது, பொறுமையைச் சோதிப்பது. எல்எல்இசட்ஓ (லித்தியம்-லாந்தனம்-சிர்கோனியம் ஆக்சைடு) என்கிற கார்னெட் வகைப் பீங்கானுக்கு 1000 டிகிரிக்கு மேல் போகும் ஃபர்னஸ் வேண்டும். அந்தச் சூட்டில் லித்தியம் ஆவியாகிப் போகும், அதைக் கணக்கிட்டு முன்கூட்டியே அதிகம் சேர்க்க வேண்டும். அழுத்திச் சுட்ட வில்லையான பெல்லட்டை வெளியே வைத்தால் நம்ம ஊர் ஈரக்காற்றில் மேலே லித்தியம் கார்பனேட் படிந்துவிடும். இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் முதல் வருடம் முழுக்கப் பெல்லட் செய்வதிலேயே போய்விடும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பின்னணி உள்ளவர்களுக்கு மாடலிங் நல்ல வழி. வெப்பம் ஒரு செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்கு எப்படிப் பரவுகிறது, பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு) எவ்வளவு முன்னதாக ஆபத்தைக் கண்டுபிடிக்கும் என்பவை அதில் வரும். பைபாம் என்ற திறந்தமூல மென்பொருள் இலவசம். நாசாவின் ஏம்ஸ் மையமும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் செல்கள் முதுமையடையும் தரவுகளைப் பொதுவில் வைத்திருக்கின்றன. இருந்தாலும் கடைசியில் ஒரு நிஜ செல்லையாவது சூடாக்கிச் சரிபார்க்கச் சொல்வார்கள். ஆக, எந்த வழியில் போனாலும் சோதனை வசதி பற்றிய கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

இன்னொன்று, முக்கியமானது. கல்லூரி லேப்களில் செய்வதெல்லாம் நாணயம் போன்ற சிஆர் 2032 காயின் செல். அதில் இருக்கும் ஆற்றல் மிகக் குறைவு, வெளியே உள்ள ஸ்டீல் உறை வெப்பத்தை உறிஞ்சிவிடும். காயின் செல்லை வைத்துக்கொண்டு "தெர்மல் ரன்அவே (வெப்பம் கட்டுமீறித் தானே ஏறிக்கொண்டே போவது) தடுக்கப்பட்டது" என்று எழுதினால் ரிவ்யூவர் கிழித்துவிடுவார். குறைந்தது ஒரு பவுச் செல்லோ (தட்டையான பை வடிவம்) 18650 செல்லோ (உருளை வடிவம்) வேண்டும். அதைப் பத்திரமாகச் சூடாக்கி, அது தானே வெளியிடும் வெப்பத்தை அளக்க ஏஆர்சி எனப்படும் கலோரிமீட்டர் வேண்டும். அந்தக் கருவி எல்லா இடத்திலும் இருக்காது. யாரிடம் இருக்கிறது, வெளியாருக்கு நேரம் தருவார்களா என்று சேரும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

2. எங்கே சேரலாம்

நீங்கள் சேரப் பார்க்கும் இடங்கள் பெரும்பாலும் கிண்டி, தரமணி சுற்றுவட்டத்துக்குள் அடங்கிவிடும். ஐஐடி மெட்ராஸில் வேதியியல், உலோகவியல், கெமிக்கல், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்று பல துறைகளில் பேட்டரி வேலை நடக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலைக்கும் ஜனவரிக்கும் ஆள் எடுக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்திலும் ஆண்டுக்கு இரு பருவம் உண்டு, வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகச் செய்ய விரும்புகிறவர்கள் பலர் அங்கேதான் போகிறார்கள். கிண்டி வளாகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் துறைகள் இருக்கின்றன. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் கருவிகள் நன்றாக இருப்பதும் உண்டு. ஆனால் அங்கே கட்டணம் எவ்வளவு, உதவித்தொகைக்குப் பதிலாக எத்தனை மணி நேரம் பாடம் எடுக்கச் சொல்வார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட சிஎஸ்ஐஆர்-செக்ரிக்கு தரமணி சிஎஸ்ஐஆர் வளாகத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. மின்வேதியியலுக்கென்றே உள்ள ஆய்வகம். அங்கே சேர்ந்தால் பட்டம் தருவது சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களுக்கான கல்வி நிறுவனமான அக்சிர். அதன் பாடத்திட்டத்தில் சிஎஸ்ஐஆர்-800 என்று ஊர்ப்புற மக்களுக்குப் பயன்படும் ஒரு சிறு திட்டமும் செய்ய வேண்டும். சேர்ந்த பிறகு பலர் "இது வேறயா" என்று முழிப்பதைப் பார்க்கலாம். அதற்கான வாரங்களை முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஐஐடி ரிசர்ச் பார்க்கில் ஏஆர்சிஐ என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தின் மையம் ஒன்றும் பேட்டரி வேலை செய்கிறது.

ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி வாகனச் சோதனை மையத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 2022-ல் மின்சார ஸ்கூட்டர்கள் தொடர்ந்து தீப்பிடித்த பிறகு, அவற்றின் பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதிமுறை கடுமையாக்கப்பட்டது. திருத்திய விதிகள் அந்த ஆண்டு டிசம்பரிலும் அடுத்த ஆண்டு மார்ச்சிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. அத்தகைய மையங்களில் சான்றிதழுக்கு வருவது கம்பெனிகள், கட்டணமும் கம்பெனிக் கட்டணம். ஒரு மாணவர் தன் கன்டின்ஜென்சி (ஆய்வுச் செலவுக்குத் தரும்) பணத்தில் செய்கிற காரியம் அல்ல. ஆனால் ஏஐஎஸ் 156-ஐ உட்கார்ந்து படித்துவிடுங்கள். இன்டர்வியூவில் கேட்பார்கள்.

3. தேர்வும் பணமும்

வழி இரண்டு: கேட் (பொறியியல் பட்டதாரித் திறனறித் தேர்வு) அல்லது நெட் (தேசியத் தகுதித் தேர்வு). கேட் விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கும். பிப்ரவரியில் தேர்வு, மார்ச்சில் முடிவு, மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். கட்டணம் ஏறத்தாழ 2,000 ரூபாய், பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதி. சிஎஸ்ஐஆர் நெட் ஆண்டுக்கு இரண்டு சுற்று. நெட் முடிவு இப்போது மூன்று வகையாக வருகிறது: ஜேஆர்எஃப் (உதவித்தொகையுடன் கூடிய இளநிலை ஆய்வாளர் தகுதி), உதவிப் பேராசிரியர் தகுதியுடன் பிஹெச்டி சேர்க்கை, பிஹெச்டி சேர்க்கை மட்டும். பின்னிரண்டில் வந்தவர்களுக்குச் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும், உதவித்தொகையும் அதோடு வராது. "நெட் கிளியர் பண்ணிட்டேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு ஜேஆர்எஃப் பணத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய.

முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. யுஜிசியின் 2022 விதிப்படி பிஹெச்டிக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு தளர்வும், படிப்புக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. இதைக் கேட்கத் தயங்க வேண்டாம், சலுகை அல்ல, விதி.

2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) ஆனால் 42,000. விடுதியில் தங்காவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. ஐஐடியில் தரும் உதவித்தொகையும் இதே அளவுதான், அதற்கு வாரம் எட்டு மணி நேரம் போல லேப் வகுப்பு, விடைத்தாள் திருத்தம் என்று வேலை இருக்கும். சிஎஸ்ஐஆர் ஜேஆர்எஃப்புடன் ஆண்டுக்கு 20,000 ரூபாய் கன்டின்ஜென்சி வரும். நல்ல லித்தியம் ஃபாயிலும் ஒரு பாட்டில் எலக்ட்ரோலைட்டும் வாங்கினாலே அதில் பெரும்பகுதி போய்விடும். அதனால்தான் கைடிடம் ஓடிக்கொண்டிருக்கும் புராஜெக்ட் இருக்கிறதா என்பது உங்கள் ரேங்கைவிட முக்கியம்.

புராஜெக்ட் ஜேஆர்எஃப் என்ற விளம்பரங்களைப் பார்த்ததும் பாயாதீர்கள். அது வேலை, பிஹெச்டி சேர்க்கை அல்ல. புராஜெக்ட் முடியும் தேதி என்ன, அதற்குள் பிஹெச்டிக்குப் பதிவு செய்துவிடுவார்களா, பணம் நின்றால் என்ன ஏற்பாடு என்ற மூன்றையும் கேளுங்கள்.

முதல் உதவித்தொகை சேர்ந்த மாதமே வராது. ஜாயினிங் ரிப்போர்ட், வங்கிக் கணக்கு இணைப்பு, அலுவலகக் கையெழுத்து என்று இழுக்கும். பிறகு நிலுவையோடு சேர்த்து மொத்தமாக வரும். மூன்று, நான்கு மாதச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். வேளச்சேரி, தரமணி பக்கம் வீடு எடுத்தால் அட்வான்ஸ் தனி. ஓஎம்ஆர் ஐடி சம்பளக்காரர்களோடு போட்டி போட வேண்டியிருக்கும். விடுதி கிடைத்தால் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. சான்றிதழ்கள்: இங்கேதான் பாதிப் பேர் விழுகிறார்கள்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், இளநிலை, முதுநிலை பட்டமும் மதிப்பெண்களும், டிசி, மைக்ரேஷன், நன்னடத்தைச் சான்று, கேட் அல்லது நெட் அட்டை. இவை எல்லோருக்கும் தெரியும். தெரியாதவற்றைச் சொல்கிறேன்.

ஓபிசி சான்றிதழ். நம்மிடம் இருப்பது பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ், லேமினேட் செய்து பீரோவில் வைத்திருப்போம். மத்திய நிறுவனங்களுக்கு அது செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் இல்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் வேண்டும். அதுவும் நடப்பு நிதியாண்டில் வாங்கியதைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். போன வருடத்து நகலை நீட்டினால் பொதுப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். தமிழ்நாட்டுப் பிசி பட்டியலில் உள்ள எல்லா சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை, அதையும் முதலில் பாருங்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிவு செய்யலாம். விண்ணப்பம் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று படியேறும். பெற்றோரின் வருமான ஆதாரம் கேட்பார்கள். நிரந்தர முகவரி சொந்த ஊரில் இருந்தால் விசாரணையும் அங்கேதான். ஐஐடி விண்ணப்பம் திறந்த பிறகு ஓடாதீர்கள், ஏப்ரல் முதல் வாரத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். தேர்தல், ஜமாபந்தி என்று ஏதாவது வந்தால் ஃபைல் அப்படியே நிற்கும்.

பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பத்தாம் வகுப்பில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, வங்கியில் இடைவெளி இல்லாமல் ஒட்டி. உதவித்தொகை கணக்கில் ஏறாமல் திரும்பிப் போவதற்கு இதுவே பெரிய காரணம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளதை அடிப்படையாக வைத்து ஆதாரையும் வங்கியையும் அதற்கு ஏற்றபடி மாற்றிவிடுங்கள். விண்ணப்பத்தில் "சர்நேம்" கட்டம் வந்தால் இனிஷியலின் விரிவை எழுதுங்கள், எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.

சிஜிபிஏ வாங்கியவர்கள் விழுக்காடாக மாற்றும் முறையைத் தங்கள் பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்கு என்ஓசி (தடையில்லாச் சான்று). அது கிடைக்க ஆகும் காலம் உங்கள் மேலாளரின் மனநிலையைப் பொறுத்தது. எனவே இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

5. கைடைப் பார்க்கப் போகும்போது

மெயில் சுருக்கமாக இருக்கட்டும். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உண்மையிலேயே உங்களுக்குப் புரியாத ஒரு இடத்தைக் கேளுங்கள். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரஸ்டட்" என்று நாற்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் பதில் வராது. சில நாள் பார்த்துவிட்டு ஒருமுறை நினைவூட்டலாம், தப்பில்லை.

லேபைப் பார்க்க அனுமதி கேளுங்கள். உள்ளே போனதும், வெளிக்காற்று படாமல் செல் கட்டும் குளோவ் பாக்ஸின் திரையைப் பாருங்கள். ஈரமும் ஆக்சிஜனும் 1 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இருந்தால் நல்ல பராமரிப்பு. இரட்டை இலக்கத்தில் இருந்தால், அல்லது திரையையே அணைத்து வைத்திருந்தால், அங்கே எப்போது கடைசியாக செல் கட்டினார்கள் என்று கேளுங்கள். செல்லைத் திரும்பத் திரும்ப சார்ஜ், டிஸ்சார்ஜ் செய்யும் பேட்டரி சைக்கிளரில் எத்தனை சேனல், ஒரு மாணவருக்கு எத்தனை கிடைக்கும்? ஒரு சோதனை மாதக்கணக்கில் ஓடும், நான்கு சேனலை ஆறு பேர் பங்கு போட்டால் எல்லோருக்கும் ஒரு வருடம் கூடுதல். யுபிஎஸ் எதற்கெல்லாம் இணைத்திருக்கிறது என்பதையும் கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரிப் பக்கம் என்ன ஆயிற்று என்பது சென்னைக்காரர்களுக்கு மறந்திருக்காது. மின்சாரம் நின்றால் குளோவ் பாக்ஸ் சுழற்சியும் நிற்கும், நானூறு சுற்று ஓடிய செல்லின் பதிவும் பாதியில் அறுந்துவிடும்.

பிறகு சீனியர்களோடு டீ குடிக்கப் போங்கள், கைடு இல்லாமல். போன ஐந்து வருடத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் விட்டுப் போனார்கள் என்று அங்கே கேட்டால்தான் நிஜம் வரும்.

6. முதல் ஆண்டு: கோர்ஸ்வொர்க்கும் கொள்முதலும்

கோர்ஸ்வொர்க் குறைந்தது 12 கிரெடிட். மின்வேதியியலும் வெப்பப் பகுப்பாய்வும் எடுத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்துவிட்டு ஆர்டர் போடலாம் என்று இருக்காதீர்கள். லித்தியம் ஃபாயிலும், எல்ஐபிஎஃப்6 என்ற லித்தியம் உப்பு கரைந்த எலக்ட்ரோலைட்டும் ஆபத்தான சரக்கு என்ற கணக்கில் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் விமானத்தில் ஏற்றுவதற்கே தனி ஏற்பாடு வேண்டும், மாதங்கள் ஆகும். அதற்கு முன் மூன்று கொட்டேஷன், அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்தில் இல்லை என்ற அறிக்கை, கமிட்டிக் கையெழுத்து. பிப்ரவரிக்குப் பிறகு எந்த ஃபைலும் நகராது, மார்ச் கணக்கு முடிப்பு. எனவே ஜூலையில் சேர்ந்தவர் ஆகஸ்டிலேயே பட்டியல் கொடுத்துவிட வேண்டும். எலக்ட்ரோலைட்டைப் பெரிய பாட்டிலாக வாங்கினால் மலிவுதான், ஆனால் திறக்கத் திறக்க ஈரம் ஏறிக் கெட்டுப்போகும். சிறிய பாட்டிலாகவே கேளுங்கள்.

எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டுவது), எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) போன்றவற்றுக்கு ஐஐடி மெட்ராஸில் உள்ள சைஃப் மையம் வெளியாருக்கும் கட்டணத்துக்குச் செய்து தரும். வரிசை நீளம், கான்ஃபரன்ஸுக்கு முந்தைய வாரம் போய் நிற்காதீர்கள். காற்றுபட்டால் கெடும் சாம்பிள் என்றால் அதற்கான ஹோல்டர் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

7. லேபில் உடம்பைப் பார்த்துக்கொள்வது

செல்லைச் சூடாக்கும்போது முதலில் வோல்டேஜ் ஆடும். பிறகு உஸ் என்று ஒரு சத்தம், தின்னரில் இனிப்பு கலந்த மாதிரி ஒரு வாசம். அந்த வாசம் மூக்குக்கு வந்துவிட்டது என்றால் ஃபியூம் ஹுட் (நச்சு ஆவியை வெளியேற்றும் கூண்டு) சரியாக இழுக்கவில்லை, நீங்கள் உடனே வெளியே போக வேண்டும். எல்ஐபிஎஃப்6 ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும். கையில் பட்டால் ஆரம்பத்தில் எரிச்சல்கூடத் தெரியாமல் உள்ளே இறங்கும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் எந்த அலமாரியில் இருக்கிறது, காலாவதி ஆகவில்லையா என்று சேர்ந்த முதல் நாளே பாருங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லுங்கள். பெரிய விலை இல்லை.

லித்தியம் உலோகம் பற்றினால் தண்ணீரும் கூடாது, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் கூடாது. காய்ந்த மணல் அல்லது டி வகைத் தீயணைப்பான். இதுவே 18650 போன்ற லித்தியம்-அயன் செல் என்றால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பதுதான் வழி. இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் அதிகம். லேப் சுவரில் ஒட்டியிருக்கும் காகிதமும் பல இடத்தில் இரண்டையும் ஒன்றாகவே எழுதியிருக்கும். மணல் வாளியில் யாராவது டீ கப் போட்டிருந்தால் எடுத்துவிட்டு, மணல் ஈரமில்லாமல் இருக்கிறதா என்று கை விட்டுப் பாருங்கள். சென்னையில் நவம்பர் மாதம் அது அநேகமாக ஈரமாகத்தான் இருக்கும்.

இரவு தனியாக இருந்து சூடாக்கும் சோதனை எதையும் செய்யாதீர்கள். டெட்லைன் எதுவாக இருந்தாலும் சரி.

8. முடிக்கும் நேரம்

சினாப்சிஸ் (தீசிஸின் சுருக்கம்) கொடுத்ததிலிருந்து வைவா (வாய்மொழித் தேர்வு) வரை பெரும்பாலும் அரை வருடத்துக்கு மேல் ஓடும், தேர்வாளர்கள் அறிக்கை அனுப்பும் வேகத்தைப் பொறுத்து. இந்த இடைவெளியில் உதவித்தொகை நின்றிருக்கலாம், வீட்டு வாடகை நிற்காது. வெளிநாட்டு போஸ்ட்டாக் தேடுகிறவர்கள் பாஸ்போர்ட்டை இந்தக் கட்டத்துக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள்.

நோ டியூஸ் படிவத்தில் நூலகம், விடுதி, மருத்துவமனைக் கையெழுத்தெல்லாம் ஒரே நாளில் ஆகிவிடும். லேப் கையெழுத்துதான் இழுக்கும். பல வருடமாகச் சேர்ந்த செல்கள், உப்பியவை, பாதி சார்ஜில் இருப்பவை, யாருடையது என்று தெரியாதவை எல்லாம் உங்கள் பெயரில் வந்து நிற்கும். ஒவ்வொன்றையும் முழுக்க டிஸ்சார்ஜ் செய்து, முனைகளில் டேப் ஒட்டி, 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். உப்பிய செல்லை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் போட வேண்டாம், தனியாக மணலில் வையுங்கள். அந்த ரசீதின் நகலைப் படிவத்தோடு இணைத்தால்தான் கையெழுத்து கிடைக்கும்.